ராயபுரத்து ராட்டினமும் அக்காவின் கிண்ணமும்

786
தண்டையார்பேட்டை
9-12-1953

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மூன்று பிள்ளைகளும் உங்கள் அக்காவும் சுகம். அக்காவின் குரலும் சுகமாகவே இருக்கிறது. நேற்று மீன்காரியோடு அவர் பேரம் பேசியது விசாகப்பட்டினம் வரைக்கும் கேட்டிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்து மைதானத்தில் கார்னிவல் கூடாரம் போட்டிருக்கிறார்கள். ஜனவரி பத்தாம் தேதி வரைக்கும் இருக்குமாம். கண்ணாடி அறை, மரக்குதிரை, குள்ளர்கள், நடுவில் ஒரு பெரிய ராட்டினம். ஜன்னத்துக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு பேச்சே கிடையாது. ஒன்பது வயதுப் பெண் கணக்கு வாய்ப்பாட்டை மறந்துவிட்டாள், கார்னிவல் டிக்கெட் விலை மட்டும் தலைகீழாகச் சொல்கிறாள். மலிகா தூக்கத்தில் மரக்குதிரை ஓட்டுகிறாள்.

நான் யோசித்து வைத்திருக்கிறேன், கோபிக்காமல் படியுங்கள். பாவாடை தைத்த காசு ஆறு ரூபாய் காப்பித்தூள் டப்பாவில் இருக்கிறது. டிராமை நிறுத்தியதும் நல்லதாய்ப் போயிற்று, இருந்திருந்தால் பிள்ளைகள் அதில்தான் ஏறுவேன் என்று அடம் பிடித்திருக்கும். நடந்தே போவோம். சோறு வீட்டிலிருந்து கட்டிக்கொள்வோம். லியாகத் அலிக்கு மூன்று வயதுதான், இடுப்பில் வைத்துக்கொண்டால் டிக்கெட் கேட்கமாட்டார்கள். நீங்கள் ஒரு நாள் லீவு போட்டு வந்தால் போதும்.

பிள்ளைகளுக்காக மட்டும் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "ஒன்ன ஒரு நா ஹார்பருக்கு இட்டுகினு போறேன் சபீ, கப்பல் சரக்கத் தூக்க நான் ஓட்டற வின்ச்ச காட்டறேன்" என்றீர்கள். பத்து வருஷம் ஆயிற்று. பெண்களை உள்ளே விடமாட்டார்கள் என்று நீங்களே கதவைச் சாத்தினீர்கள். இப்போது பக்கத்துத் தெரு சௌக்கத் அலி வீட்டுப் பெண்கள் போய்வந்து சொல்கிறார்கள், ராட்டினம் உச்சிக்குப் போகும்போது துறைமுகம் முழுக்கத் தெரிகிறதாம். அங்கே ஒரு நிமிஷம் நின்று பார்க்க வேண்டும். பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து, இதுதான் நம்ம இடம் என்று கையை நீட்டிக் காட்ட வேண்டும். எனக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை.

உங்கள்
சபீஹா


விசாகப்பட்டினம்
13-12-1953

அன்புள்ள சபீஹாவுக்கு,

வஅலைக்கும் சலாம். கடிதம் கிடைத்தது. வீட்டு வாசலிலிருந்து நடந்து போகிற தூரத்துக்குச் சுற்றுலா திட்டம் போட்ட குடும்பம் நம்முடையது ஒன்றுதான் இருக்கும். இரவல் ஆளாக என்னை இந்தத் துறைமுகத்துக்கு ஆறு மாதத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஏப்ரலில் வந்துவிடுவேன். அதற்குள் என்ன அவசரம் என்று கேட்கலாமென்று பேனாவை எடுத்தேன். கார்னிவல் ஏப்ரல் வரைக்கும் காத்திருக்காது என்பது உறைத்தது.

ஆனால் ராட்டினம் எனக்குப் பிடிக்கவில்லை. பதினாலு வருஷமாக வின்ச் ஓட்டுகிறவன் சொல்கிறேன். கப்பலின் அடியறையில் என்ன நடக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தெரியாது. மேல்தட்டில் நின்று கை காட்டுகிறவன் தூக்கு என்றால் தூக்குவேன், நிறுத்து என்றால் நிறுத்துவேன். இருட்டினால் குரலை வைத்தே ஓட்டுவேன். பார்க்காமல் ஓட்டுவதால்தான் யந்திரத்தை அவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறோம். ஊர் ஊராகக் கழற்றி மாட்டுகிற ராட்டினத்துக்குக் கிரீஸ் யார் வைக்கிறார்கள்? ஏறுவதற்கு முன் பக்கத்தில் நின்று காதைக் கொடு. கிறீச் என்றால் ஏறாதே. என்ஜின் சத்தம் ஒரே சீராக வர வேண்டும். பெல்ட் நழுவினால் தோல் பட்டையால் அடிக்கிற மாதிரி சத்தம் வரும், அப்போதும் ஏறாதே.

லீவு கேட்டுப் பார்க்கிறேன். புது வருஷத்தை ஒட்டிக் கிடைக்கலாம். இரண்டு ரூபாய் மணியார்டர் தனியாக வருகிறது. அக்காவிடம் சம்மதம் வாங்கினாயா? எழுதவே இல்லையே.

ரஷீது


தண்டையார்பேட்டை
18-12-1953

அன்புள்ள மச்சானுக்கு,

மணியார்டர் வந்தது. அல்லா உங்களுக்கு ஒன்றுக்குப் பத்தாகக் கொடுப்பான்.

அக்கா சம்மதத்தைப் பற்றி எழுதாததற்குக் காரணம், அது கிடைக்கவில்லை என்பதுதான். கேட்ட அன்றைக்கு அவர் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக் கோழிகள் கூரையில் ஏறின. "இன்னாடி, ஊர் ஆம்பளைங்க மொத்தமும் அண்ணாந்து பாத்துகினு நிப்பானுங்க, நீ மேல குந்திகினு காத்து வாங்குவியா? என் தம்பி ஊர்ல இல்லாத நேரத்துல இதெல்லாம் என் தலையில கட்டாத" என்றார். உங்கள் வாப்பா போன பிறகு உங்களை வளர்த்து ஆளாக்கியவர், அவர் பேச்சைத் தாண்டி நான் வாசல்படி தாண்டமாட்டேன். காப்பித்தூள் டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

நேற்று ஒரு அதிசயம் நடந்தது. தமுக்கு அடித்துக்கொண்டு கார்னிவல் வண்டி நம் தெருவுக்கு வந்து நோட்டீஸ் எறிந்தது. ஜனவரி ஆறாம் தேதி புதன்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை பெண்களுக்கு மட்டுமாம். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஆண் ஒருவருக்கும் அனுமதி இல்லை. டிக்கெட் கொடுப்பதும் வாசல் காப்பதும் பெண்களே. என்ஜின்காரர் மட்டும் ஆண், அவரையும் நாலு பக்கமும் படுதா கட்டி உள்ளே உட்கார வைத்துவிடுவார்கள். வெளியே ஒரு பெண் மணி அடித்தால் ஓட்டுவார், மறுபடி அடித்தால் நிறுத்துவார். கட்டணமும் அன்றைக்குப் பாதிதான்!

ஜன்னத் அதை அக்காவுக்கு மூன்று தடவை படித்துக் காட்டினாள். மூன்றாவது தடவை அக்கா, "அந்த என்ஜின்காரன் கண்ணையும் கட்டிட்டா தேவல" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். தான் ராட்டினத்தில் ஏறப்போவதில்லை, மூட்டைக்குக் காவலாக மட்டும் வருகிறாராம்.

சபீஹா


விசாகப்பட்டினம்
24-12-1953

சபீஹாவுக்கு,

நல்லது. ஆறாம் தேதிக்குத்தான் நான் லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். கூட வேலை செய்கிறவனிடம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவன் வேலையை நான் பார்ப்பதாகச் சொல்லிக் கெஞ்சி வைத்திருந்தேன். இப்போது நான் ஐந்நூறு மைல் ரயிலில் வந்து என்ன செய்வது? வாசலில் நின்று உங்கள் செருப்புக்குக் காவல் இருப்பதா?

பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டும் என்று எழுதியது நீதான். ஒரே வாரத்தில் நான் தேவைப்படாமல் போய்விட்டேன். என்னை விட்டுவிட்டு எல்லோரும் சந்தோஷமாக இருங்கள்.

பெல்ட் சத்தத்தைக் கவனிக்க மறக்காதே.

ரஷீது


தண்டையார்பேட்டை
29-12-1953

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு கோபம் வந்தது. கோபத்தை மட்டும் எழுதுகிறேன்.

பத்து வருஷமாக நீங்கள் உள்ளே, நான் வெளியே. துறைமுக வாசலில் ஒரு தரம் மதியச் சோறு கொண்டுவந்து கொடுத்தேனே, வாசல்காரர் தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு என்னைப் போகச் சொன்னார். நீங்கள் சாப்பிட்டதைக்கூட நான் பார்க்கவில்லை. அன்றைக்கு நான் முறைத்துக்கொண்டேனா? ஒரே ஒரு நாள், நாலு மணி நேரம், நான் உள்ளே, நீங்கள் வெளியே. அதற்குள் உங்களுக்கு இவ்வளவு பேஜாரா?

வேறு நாளில் போக அக்கா விடமாட்டார். முழுக் கட்டணத்துக்குக் காசும் இல்லை. பெண்கள் நாளை விட்டால் நான் அந்த உச்சியைப் பார்க்கவே போவதில்லை. நீங்கள் பக்கத்தில் இல்லாதது எனக்குக் குறைதான். இருந்தாலும் போகிறேன்.

முடிந்தால் வாருங்கள். வந்து வாசலிலாவது நில்லுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்து மூன்று மாதம் ஆகிறது.

சபீஹா


(கார்டு)
விசாகப்பட்டினம்
2-1-1954

சபீஹாவுக்கு. லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு கப்பல் சேர்ந்து வந்திருக்கின்றன. நீ எழுதியது எல்லாம் நியாயம். போன கடிதத்தைக் கிழித்துப் போடு. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள். போய்வாருங்கள். ரஷீது.


தண்டையார்பேட்டை
8-1-1954

அன்புள்ள மச்சானுக்கு,

போய்வந்தோம்! எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. பன்னிரண்டு மணிக்கே அக்கா கிளப்பிவிட்டார். தேங்காய்ச்சோறும் சென்னாக்குன்னிக் கருவாட்டுத் தொக்கும் அவரே செய்தார், தொக்கில் வழக்கம்போல மாங்காய் வற்றல் போட்டு. அக்கா, நான், ஜன்னத், மலிகா, என் இடுப்பில் லியாகத் அலி, ஜன்னத் தலையில் சோற்று மூட்டை. வீட்டைப் பூட்டிக்கொண்டு கல்மண்டபம் வழியாக நடந்தோம். மைதானம் எங்கும் எங்களைப் போல முகம் வரைக்கும் மூடிய வெள்ளைத் துப்பட்டிதான். கவுன் போட்ட சட்டைக்காரப் பெண்களும், தலையில் பூவோடு கோயில் தெரு அம்மாமார்களும் வந்திருந்தார்கள். ஒரு ஆம்பளை இல்லை. எவ்வளவு சத்தம், எவ்வளவு சிரிப்பு என்று உங்களுக்குச் சொல்லி முடியாது. அக்கா சத்தம்கூட அதில் சாதாரணமாகத்தான் இருந்தது.

கண்ணாடி அறையில் அக்கா தன்னைத்தானே பார்த்து, "இந்தக் குண்டச்சி யாருடி?" என்று கேட்டார். மரக்குதிரையில் மலிகா இறங்கமாட்டேன் என்று அழுதாள். மூன்று மணிக்கு ராட்டினத்துக்கு வரிசையில் நின்றோம். நீங்கள் சொன்னபடி காதைக் கொடுத்தேன். கிறீச் இல்லை. ஆனால் பட்டை அடிக்கிற மாதிரி சத்தம் வந்தது. நான் ஜன்னத்திடம், "பெல்ட் நழுவுது" என்று சொல்லி வாயை மூடவில்லை, பட்டென்று ஒரு சத்தம், ராட்டினம் நின்றுவிட்டது. மேலே இருந்த பெண்கள் கூச்சல் போட்டார்கள். பெல்ட் அறுந்து என்ஜின்காரர் சுப்புராயனின் மணிக்கட்டில் அடித்துவிட்டதாம். மணி அடிக்கிற ஞானம் அம்மா பின்பக்க வேலிக்கு ஓடினார்கள்.

அக்கா, "சொன்னேனா இல்லியா, வா வூட்டுக்கு" என்று மூட்டையைத் தூக்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான். டிக்கெட் கையில் இருக்கிறது, ராட்டினம் அசையவில்லை, நீங்களும் வரவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தார். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்ச நேரம் பாக்கலாம்" என்று உட்கார்ந்துகொண்டார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவருக்கு ஆயுள் முழுக்க ஊழியம் செய்வேன்.

அரை மணியில் என்ஜின் கிளம்பியது. அதே ராட்டினம்தானா என்று இருந்தது. சத்தம் ஒரே சீர். ஏறுவதும் இறங்குவதும் தொட்டில் ஆட்டுகிற மாதிரி. யாரோ ஒரு மெக்கானிக்கை வெளியிலிருந்து பிடித்து வந்து படுதாவுக்குள் விட்டிருக்கிறார்கள் என்று ஞானம் அம்மா சொன்னார்கள். பாவம், அந்த மனுஷன் பகல் சோறுகூடச் சாப்பிடவில்லையாம். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. தன் பித்தளைக் கிண்ணம் நிறைய தேங்காய்ச்சோறும் தொக்கும் வைத்து ஞானம் அம்மா கையில் கொடுத்து உள்ளே அனுப்பினார்.

எங்கள் முறை வந்தபோது ஞானம் அம்மா ஒரு போடு போட்டார்கள். "ஒரு பக்கம் நீயும் புள்ளைங்களும் குந்தினா தொட்டி சாயும். எதிர்ல கனமா ஒரு ஆளு வேணும். பெரியம்மா, நீ ஏறு" என்றார்கள். அக்கா மறுப்பதற்குள் உள்ளே தள்ளிக் கம்பியைப் போட்டாயிற்று. அப்புறம் நடந்ததை ராயபுரம் முழுக்கக் கேட்டது. "யா அல்லா! எறக்குடா! கட்டையில போறவனே, கண்ணு தெரியலயாடா ஒனக்கு?" இதை விட்டால் எழுத முடியாத வார்த்தைகள்.

அவர் கத்தக் கத்த ராட்டினம் மெதுவாக ஏறியது. உச்சிக்குப் போனதும் நின்றது. சட்டென்று இல்லை, குழந்தையைக் கீழே விடுகிற மாதிரி நின்றது. மற்றவர்களுக்கு அப்படி நிற்கவில்லை. எங்களுக்கு மட்டும். அல்ஹம்து சூராவை மூன்று தரம் ஓதுகிற நேரம் நின்றது. நான் துப்பட்டியை விலக்கிவிட்டேன். காற்று மட்டும்தான் இருந்தது. மச்சான், எல்லாம் தெரிந்தது! கப்பல்கள், கிரேன்கள், கரி மலை, நீல ஓட்டுக் கொட்டகை. எது உங்கள் இடம் என்றுதான் தெரியவில்லை. காட்ட நீங்கள் இல்லையே. குத்துமதிப்பாக ஒரு வின்ச்சைப் பார்த்து, இதுதான் என்று நானே பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்.

அந்த முகம் தெரியாத மனுஷனுக்கு நிறைய துஆ செய்தேன். ஆசைப்பட்டது கிடைத்தது. ஆனால் பத்து வருஷமாக உங்கள் கையால் நடக்கும் என்று நினைத்தது யாரோ ஒருவர் கையால் நடந்தது. அந்த வருத்தத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

இன்னும் இரண்டு செய்தி. அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. இறங்கியதிலிருந்து சத்தமே வரவில்லை, வீடு வரைக்கும் ஜாடைதான். வாசலில் அவ்வளவு நெரிசலிலும் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாவது, அந்தி மக்ரிபுத் தொழுகைக்குள் வீடு வரவேண்டும் என்ற அவசரத்தில் கிண்ணத்தை வாங்க மறந்துவிட்டோம். அஜீசுன்னிசா என்று பெயர் வெட்டியது, அவர் கல்யாணச் சீர். நேற்று ஜன்னத்தை ஞானம் அம்மாவிடம் அனுப்பிக் கேட்டேன். அந்த மெக்கானிக் எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். அக்கா ஜாடையிலேயே அவனை ஏசிக்கொண்டிருக்கிறார்.

சபீஹா


விசாகப்பட்டினம்
12-1-1954

என் சபீஹாவுக்கு,

அக்காவிடம் சொல், ஏசுவதை நிறுத்தட்டும். கிண்ணம் என் முன்னால் இருக்கிறது. காலையில் அதில்தான் கஞ்சி குடித்தேன்.

ஐந்தாம் தேதி இங்கே ஒரு வின்ச்சின் பல்சக்கரம் உடைந்தது. மாற்றுச் சக்கரம் சென்னைத் துறைமுகப் பட்டறையில் இருக்கிறது, போய்த் தூக்கிக்கொண்டு உடனே திரும்பு என்று என்னை அனுப்பினார்கள். லீவு கேட்டபோது இல்லை என்றவர்கள் சக்கரம் கேட்டதும் டிக்கெட்டே எடுத்துக் கொடுத்தார்கள். புதன்கிழமை மதியம் பட்டறைக்கு வந்து, சக்கரத்தை ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பூட்டு. அங்கிருந்து ராயபுரத்துக்கு ஓடினேன். வாசலில் இரண்டு பெண்கள் தடியோடு நின்றார்கள். என் பெண்டாட்டி உள்ளே இருக்கிறாள் என்றேன். "எல்லார் பெண்டாட்டியும் உள்ள தான் கீறாங்க, அப்பால போ" என்றார்கள். அப்போது உன் பழைய தூக்குச்சோறு ஞாபகம் வந்தது.

வேலி ஓரமாகச் சுற்றி நடந்தேன். ராட்டின என்ஜின் சத்தம் கேட்டது. பெல்ட் போகப்போகிறது என்று உனக்குத் தெரிந்த அதே நேரம் எனக்கும் தெரிந்திருக்கிறது, பார். ஒரு அம்மா ஓடிவந்து, "என்ஜின் தெரிஞ்ச ஆளு யாருனா கீறீங்களா?" என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கினேன். பெண்கள் கூட்டம், வாயைத் திறந்தால் கலவரமாகிவிடும், படுதாவைத் தொடக்கூடாது, ஒரு சத்தம் வரக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். சுப்புராயன் ஒரு மூலையில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுந்த பெல்ட்டை இரண்டு விரல் அளவு வெட்டிச் சேர்த்துத் தைத்தேன். கிரீஸ் வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் கிண்ணம் வந்தது. பெயரை நான் படிக்கவில்லை. ஒரு வாய் வைத்தேன், மாங்காய் வற்றல். அதன்பிறகுதான் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தேன். கிண்ணத்தைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன் சபீ. படுதாவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் எல்லோரும் நிற்கிறீர்கள், இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன்.

நீ எந்தத் தொட்டியில் ஏறினாய் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். அக்கா வாயைத் திறந்தார். அவ்வளவுதான். கை காட்டுகிறவன் குரலை வைத்துப் பதினாலு வருஷம் ஓட்டியவனுக்கு அக்கா குரல் போதாதா? குரல் பக்கவாட்டிலிருந்து வந்தது, மேலே போயிற்று, நேர் தலைக்கு மேல் வந்தது. அங்கே பிரேக் கட்டையை மிதித்தேன். கட்டையில போறவனே என்று என்னைத்தான் சொன்னார் என்று அவருக்குத் தெரியாது. மிதித்த காலை எடுக்க மனம் வரவில்லை. மற்ற பெண்கள் கூச்சல் போட்டபிறகுதான் எடுத்தேன்.

வாசலில் நின்று உங்களை அசத்தலாம் என்று நினைத்தேன். சுப்புராயனுக்குப் பதில் ஆள் வந்து நான் வெளியே ஓடி வந்தபோது நூற்றுக்கணக்கில் வெள்ளைத் துப்பட்டி. எது நீ? அக்கா ஒரு வார்த்தை பேசியிருந்தால் பிடித்திருப்பேன். அக்காவை அமைதியாக இரு என்று நான் சின்ன வயதிலிருந்து கெஞ்சியிருக்கிறேன், அல்லா அதை அன்றைக்குப் பார்த்துத்தான் கொடுத்தான். ஏழு மணிக்கு மெயில். சக்கரத்தை ஏற்ற வேண்டும். ஓடிவிட்டேன்.

நீ பார்த்த நீல ஓட்டுக் கொட்டகைக்கு இடது பக்கம், மூன்றாவது வின்ச். அதுதான் நம்ம இடம்.

உன்
ரஷீது


தண்டையார்பேட்டை
16-1-1954

என் மச்சானுக்கு,

நீல ஓட்டுக் கொட்டகைக்கு இடது பக்கம் மூன்றாவது. நான் பிள்ளைகளுக்குக் காட்டியது நாலாவது. ஒன்றுதான் தவறினேன்.

உங்கள் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். தொண்டை நேற்றுத்தான் திறந்தது. கட்டையில போறவனே என்ற இடத்தில் எழுந்து உள்ளே போய்விட்டார். போய்ப் பார்த்தால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உங்களுக்காகத் துஆ செய்துகொண்டிருக்கிறார், ஏசியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லித் திரும்ப வாங்கிக்கொள்கிறார். நிறைய இருந்ததால் நேரமாயிற்று. பிறகு வெளியே வந்து, "அடுத்த தபா ஏறினா நான் சும்மா இருக்க மாட்டேன், இன்னும் சத்தமா கத்துவேன், எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

யாரோ ஒருவர் கையால் என்று எழுதினேனே, அந்த வரியை அடித்துவிடுங்கள். முகம் தெரியாத மனுஷனுக்குச் செய்த துஆவை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வாய்விட்டு அழுதேன். மலிகா பயந்துபோய், "ம்மா, ராட்டினம் ஒடஞ்சி போச்சா?" என்று கேட்டாள். இல்லை, வாப்பாதான் ஓட்டினார் என்றேன். தெருவில் யாரைப் பார்த்தாலும் அதையே சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

கிண்ணத்தைத் தபாலில் அனுப்பாதீர்கள். வந்த கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் நம் வீட்டில் இல்லை என்று அக்கா சொல்லச் சொன்னார். எதை வைத்துக் கொடுப்பது என்று யோசிக்க வேண்டாம். ஏப்ரலில் நீங்களே கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். துப்பட்டி போடாமல் வாசலில் நிற்கிறேன், உங்களுக்கு அடையாளம் தெரிவதற்கு.

உங்கள்
சபீஹா